முன்றில் மஞ்சளும் மூடை மிளகும்

சங்ககால வாணிகம் பற்றி எழுதப்புகுவோர் தவறாது எடுத்துக்காட்டும் செய்தி ஒன்று உண்டு. யவனர் மரக்கலங்கள் பொன்னைக் கொணர்ந்து முசிறியில் இறக்கி, அதற்கு ஈடாக மிளகை ஏற்றிச் சென்றன என்பதே அது. அகநானூற்றின் 149-ஆம் பாட்டும் புறநானூற்றின் 343-ஆம் பாட்டும் இதற்குச் சான்றாகும். இச்செய்தி உண்மையே, பெருமைக்குரியதுமாம். ஆயினும் இதனையே பலகாலும் எடுத்தோதியதன் பயனாக, நறுமணப் பொருள் என்றவுடன் துறைமுகமும் மூடையும் பொற்காசும் நம் நினைவிற்கு வருகின்றனவேயன்றி, அப்பொருளை நட்டு நீர்வார்த்து வளர்த்த மனையும் மாந்தரும் வருவதில்லை. பத்துப்பாட்டு இவ்விரண்டனையும் வேறுபிரித்தே காட்டுகின்றது. எவை மனையில் வளர்ந்தன, எவை மூடையாய் வந்தன என்னும் வேறுபாட்டினை ஈண்டு ஆராய்வோம்.

மனையைச் சார்ந்த நிலத்தைக் குறிக்கும் சொற்கள் பழந்தமிழிற் பலவாகும். இல்லின் முன்னிடம் முன்றில் எனப்பட்டது. கொல்லை, தோட்டம், புழைக்கடை என்னும் பொருள்களை உடையது படப்பை. மரங்கள் செறிந்த தோப்பு தண்டலை. மனையில் நட்ட வயலைக்கொடியையும் மனையருகே வளர்ந்த நொச்சியையும் அகப்பாடல்கள் பலவிடத்தும் பேசுகின்றன. நொச்சி இன்றும் நீர்க்கோவைக்கு ஆவிபிடிக்கப் பயன்படும் மருந்திலை என்பதை யாவரும் அறிவர். எனவே பயன் கருதி மனையிற் செடிகொடி வளர்க்கும் வழக்கம் பழைமையானது என்பதில் ஐயமில்லை. நறுமணப் பொருள்கள் அவ்வாறு வளர்க்கப்பட்டனவா என்பதே வினா.

இவ்வினாவிற்குத் தலையாய சான்று பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார், பாணனைத் தொண்டைமான் இளந்திரையனிடம் ஆற்றுப்படுத்துமிடத்து, நீர்ப்பெயற்றுத் துறையைக் கடந்தபின் தோட்டக்குடிகளின் மனையில் தங்குமாறு கூறுகின்றார். அம்மனை தென்னையின் காய்ந்த மடலால் வேயப்பட்டது. அதன் முன்றில் மஞ்சளை உடையது. படப்பை மணம் கமழ்வது. பலாவும் இளநீரும் வாழையும் நுங்கும் அங்கே விருந்தாகின்றன.

இங்கு ஓர் ஐயம் எழுதல் கூடும். மஞ்சள் என்னும் சொல்லும் முன்றில் என்னும் சொல்லும் இடையே உருபின்றி அடுத்தடுத்து நிற்கின்றன. இது உருபும் பயனும் உடன்தொக்க தொகை. தொக்கு நின்ற சொல்லை ‘வளரும்’ என்று விரித்தால் மஞ்சட்செடி நின்ற முற்றம் என்றாகும்; ‘உலரும்’ என்று விரித்தால் அகழ்ந்தெடுத்த கிழங்கைக் காயவைத்த முற்றம் என்றாகும். முன்னதாயின் மஞ்சள் மனைச்செடி. பின்னதாயின் அது வயலில் விளைந்து வீட்டு முற்றத்தில் காயும் பண்டம். ஒரு சொல்லை விரிக்கும் முறையிலேயே வரலாறு மாறிவிடுகின்றது.

‘வளரும்’ என்று கொள்வதே பொருந்தும் என்பது எம் கருத்து. அவ்விடத்துக் கூறப்பட்டவை பெரும்பாலும் நிலைபெற்று நிற்கும் மரமும் செடியுமே. அறுவடை பற்றிய குறிப்பு யாதும் இல்லை. மேலும், புலவர் அடுத்துக் கூறுவது படப்பையின் மணம். உலர்ந்த மஞ்சட்கிழங்கு அரைத்தாலன்றிப் பெரிதும் மணப்பதில்லை. பசுமஞ்சளின் இலையோ கை பட்ட மாத்திரத்தே மணக்கும். கிழங்கை வேகவைத்து வெயிலில் உலர்த்துதல் நெடுநாள் இருப்புக்கும் விற்பனைக்கும் வேண்டுவது. அன்றாட மனைப்பயனுக்குப் பசுங்கிழங்கே போதுமானது.

இவற்றினும் வலிய சான்று சிறுபாணாற்றுப்படையில் உள்ளது. நல்லூர் நத்தத்தனார் சேரர்க்குரிய குடபுலத்தைக் கூறவந்தவர், எருமை ஒன்றினை நம் கண்முன் நிறுத்துகின்றார். கழுநீர்ப் பூவை மேய்ந்து வயிறு நிறைந்த அவ்வெருமை பலாமரத்தின் நிழலிற் படுத்திருக்கின்றது. அப்பலாவின்மேல் பசிய மிளகுக்கொடி படர்ந்துள்ளது. அருகில் நிற்கும் மஞ்சளின் மெல்லிய இலை அதன் மயிர் அடர்ந்த முதுகைத் தடவுகின்றது. காட்டு மல்லிகையே அதற்குப் படுக்கை.

இக்காட்சியைச் சேரநாட்டு வளம் கூறும் புனைந்துரை என்று கடந்து செல்வது உரைநூல்களின் வழக்கம். சிறிது நின்று நோக்கின், இது ஒரு பயிர்முறையின் துல்லியமான பதிவு என்பது புலனாகும். மேலே பலாவின் நிழல். அதன் உடலைப் பற்றி ஏறும் மிளகு. அடியில் நிழலைப் பொறுத்து வளரும் மஞ்சள். அவற்றிடையே வளர்ப்பு விலங்கு. மிளகு தானாக நிற்கும் மரமன்று. கணுக்களில் தோன்றும் வேர்களாற் பிறிதொன்றைப் பற்றியே ஏறும். அதற்கு ஓரளவு நிழலும் ஈரக்காற்றும் வேண்டும். சொரசொரப்பான பட்டையை உடைய பலா அதற்கு ஏற்ற உயிர்க்கொழுகொம்பு. இன்றும் கேரள நாட்டு வீட்டுத் தோட்டங்களில் பலாவிலும் மாவிலும் கமுகிலும் மிளகைப் படரவிட்டு, அடியில் மஞ்சளும் இஞ்சியும் நடுவதைக் காணலாம். மஞ்சளிலை எருமையின் முதுகைத் தடவுகின்றதெனின் அது நட்டு நின்ற செடியே; முற்றத்திற் காயும் கிழங்கு எவ்வாற்றானும் ஆகாது. பெரும்பாணாற்றுப்படையின் முன்றிலையும் இதன் துணைகொண்டே பொருள்படுத்தல் வேண்டும்.

உரோமநாட்டுப் பிளினி கி.பி. 79-இல் இறந்தவர். இத்தாலியிலும் ஒரு மிளகுமரம் உண்டு என்றும் அது மிர்ட்டில் செடியை ஒத்தது என்றும் அவர் எழுதிவைத்தார். மிளகின் விலையை அவர் நன்கு அறிவார்: கரிய மிளகு ஒரு பவுண்டு நான்கு தெனாரியம் எனக் கணக்குத் தருகின்றார். ஆனால் அது கொடி என்பதை அறியார். வாங்குவோர் அறிவுக்கும் வளர்ப்போர் அறிவுக்கும் உள்ள இடைவெளி இது.

இனிக் கீழ்கடற்கரைக்கு வருவோம். பெரும்பாணாற்றுப்படை பாடிய உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையும் பாடினார். அதன் தொடக்கத்தில் சோழநாட்டு மருதவளம் கூறுமிடத்துத் தெங்கு, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சி ஆகியவற்றை நிரல்பட வைக்கின்றார். மிளகு அந்நிரலில் இல்லை. அதே பாட்டின் பிற்பகுதியில், காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் வந்து குவிந்த பண்டங்களைக் கூறுமிடத்துத்தான் மிளகு தோன்றுகின்றது. அங்கும் மூடையாகவே தோன்றுகின்றது. பெரும்பாணாற்றுப்படையிலும் அவ்வாறே. தோட்டக்குடியின் முன்றிலில் மஞ்சள். மிளகோ சுங்கச்சாவடிகளையுடைய பெருவழியில் கழுதைகளின் முதுகில் பொதியாகச் செல்கின்றது. அப்பொதியின் வடிவிற்குப் பலாப்பழத்தை உவமை கூறுகின்றார் புலவர். குடபுலத்தில் மிளகு ஏறும் மரம் கீழ்நாட்டில் மிளகுப்பொதிக்கு உவமையாகி நிற்பது நோக்கத்தக்கது.

இது வெறும் புலவர் மரபு ஆகாதோ என்று வினவலாம். ஆகாது. திணைக்குரிய கருப்பொருள்களாகக் குறிஞ்சி, முல்லை முதலிய பூக்களை அமைப்பது மரபு. மஞ்சளும் இஞ்சியும் அத்தகையன அல்ல. அவற்றிற்கு உரிப்பொருளொடு யாதோர் இயைபும் இல்லை. மதுரைக்காஞ்சி இஞ்சியையும் மஞ்சளையும் மிளகையும் குறிஞ்சி நிலத்தில் ஒருங்கே வைக்கின்றது. மலைபடுகடாம் மலைச்சாரலில் இஞ்சி உறைப்பேறி முதிர்ந்ததைக் கூறுகின்றது. பட்டினப்பாலையோ மஞ்சளையும் இஞ்சியையும் மட்டும் மருதத்திற்கு இறக்கிக்கொண்டு மிளகை விட்டுவிடுகின்றது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் மரபன்று; மழையே.

மிளகு தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்திற் பூக்கும் கொடி. நீண்ட கோடையை அது பொறாது. சோழநாட்டுக் கீழ்கரைக்கோ ஐப்பசி, கார்த்திகைத் திங்களிலேயே பெருமழை. காவிரிக்கரை ஊர் ஒன்றில் முருங்கை மரத்தடியில் யாம் நட்ட மிளகுக்கொடி, இரண்டு மாரிக்குத் தழைத்துச் சித்திரை வெயிலிற் கருகியது. பக்கக்கிளைகளை வேரூன்றச் செய்து தொட்டியில் வளர்க்கும் புதர்மிளகு இக்காலத்து உத்தி. மஞ்சளும் இஞ்சியும் அவ்வாறல்ல. கிழங்கில் உணவைச் சேமித்துக்கொண்டு கோடையில் உறங்கும் இயல்பின அவை. கோடையில் நட்ட மஞ்சள் தைத்திங்களில் முதிரும். பொங்கற்பானையின் கழுத்திற் கட்டுவதற்கு இலையொடு கூடிய மஞ்சட்கொத்து அந்நாளிற் கிடைப்பது இக்காலக் கணக்கினாலேயாம்.

புறநானூற்று 343-ஆம் பாட்டில் பரணர் முசிறியின் மனைகளிற் குவித்த மிளகு மூடைகளைக் கூறுகின்றார். அவை அம்மனையாரே விளைத்தவை என்று கொள்ள எமக்கும் விருப்பமே. ஆயினும் கடற்றுறை மனைகளில் வணிகர் வாங்கிவைத்த இருப்பாகவும் அவை இருத்தல் கூடும் ஆதலின், அதனை வளர்ப்புக்குச் சான்றாகக் கொள்ளவில்லை.

அடுக்களையிற் புகுந்து நோக்கினும் இப்பகுப்பே தெரிகின்றது. பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் மனையிற் சமைத்த மாதுளங்காய்க் கறியில் வெண்ணெயும் மிளகுப்பொடியும் கஞ்சகத்தின் நறிய தளிரும் கலந்துள்ளன. கஞ்சகம் என்பதைக் கறிவேப்பிலை என்பர். ஒரே கலத்தில் பெருவழியில் வந்த மிளகும் பறித்தவுடன் இடவேண்டிய தளிரும் சேர்கின்றன.

சோழர் காலத்துக்கு வரும்போது புதியதொரு செய்தி எதிர்ப்படுகின்றது. முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சார்ந்த திருவாலங்காட்டுச் செப்பேடு முதலாயவற்றில், நிலம் பெற்றோர்க்கு வழங்கிய உரிமைகளின் நிரல் காணப்படுகின்றது. சுட்ட ஓட்டால் மாளிகை எடுத்தல், கிணறு தோண்டுதல் என்பனவற்றோடு தமனகம், மரு, இருவேலி ஆகியவற்றை நடும் உரிமையும் தனித்து எண்ணப்படுகின்றது. தமனகம் இன்றைய தவனம், மரு மருக்கொழுந்து என்பர், இருவேலி மணவேர். இவை எவையும் பெருநிலம் வேண்டாதவை. ஒரு சாண் பாத்தியில் வளர்வன. அத்தகைய செடியை நடுவதற்கு அரசன் ஆணையிற் சொல் வேண்டியிருந்தது. பல்லவர் செப்பேடுகளிற் காணும் செங்கொடிக்காணம், குவளைநடுவரி என்பவற்றையும் இதனொடு வைத்து எண்ணுக. செங்கொடி என்பதைக் கொடிவேலி என்னும் மருந்துச்செடியாகக் கொள்வாரும் உளர். நடுதலுக்கே வரியிருந்த நாட்டில், ‘நடப்பெறுக’ என்பது வெறுஞ்சொல்லன்று, பெருஞ்சலுகை. கோயிற்குச் சார்த்தும் மணக்கொழுந்து ஆதலின் அரசு அதன்மேற் கண்வைத்தது போலும். விசயநகர ஆட்சியில், 1429-இல் வலங்கை, இடங்கைப் பிரிவினர் கூடி வரிவீதம் வரையறுத்துப் பொறித்த கல்வெட்டுகளில் மஞ்சளும் இஞ்சியும்கூட வரிக்குரிய பயிர்களாக எண்ணப்படுகின்றன. பெரும்பாணாற்றுப்படையின் முன்றில் மஞ்சளுக்கு வரி கூறப்படவில்லை. அந்நூலிற் சுங்கம் இருப்பது மிளகு சென்ற வழியிலேயே.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளும் மூடைப்பொருளின் நிலையைக் காட்டும். திருமஞ்சன நீரிற் கலப்பதற்கு வேண்டிய ஏலம், செண்பகமொட்டு, இலாமிச்சை ஆகியவற்றிற்குக் காசு முதலாக வைக்கப்பட்டு, அதன் வட்டியால் அவை பெறப்பட்டன. திருவமுதுக்குரிய மிளகு சிற்றளவைகளால் அளந்து குறிக்கப்பட்டது.

இந்நிலை மாறியது 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்து மிளகாய் வந்த பின்னரேயாம். மிளகு, காய் என்னும் இருசொல் இணைந்த அதன் பெயரே, தமிழர் அதனை எதன் இடத்தில் வைத்தனர் என்பதைக் கூறும். மிளகுக்கொடி பயன்தர மூன்றாண்டளவு செல்லும், மரம் வேண்டும், மேல்கரை மழை வேண்டும். மிளகாய்ச்செடி நட்ட சில திங்களிற் காய்க்கும், கொழுகொம்பு வேண்டா, சோழநாட்டு வெயிலையும் பாண்டிநாட்டுக் கரிசலையும் பொறுக்கும். மிளகின் உறைப்பைப் பெருவழியை நோக்கியே பெற்றுவந்த கீழ்நாட்டு மனை, தன் கொல்லையிலேயே ஓர் உறைப்பை விளைத்துக்கொள்ள முதன்முறையாக இயன்றது. வாணிக வரலாறு எழுதுவோர் மிளகாயின் வரவைப் போர்ச்சுகீசியர் வரலாற்றின் அடிக்குறிப்பாகவே வைப்பர். புழைக்கடையின் வரலாற்றில் அதற்கு நிகரான நிகழ்ச்சி பிறிதில்லை.

எனினும் மூடை மிளகு தன் பழைய இடங்கள் சிலவற்றை விட்டுக்கொடுக்கவில்லை. வைணவக் கோயில் மடைப்பள்ளிகள் பலவற்றிலும் நீத்தார்கடன் நாட்சமையலிலும் மிளகாய் இன்றும் விலக்கப்படுகின்றது. அங்கெல்லாம் உறைப்புக்கு உரியது தொலைவிலிருந்து வந்து அளந்து இடப்படும் மிளகே.