இடக்கையும் திக்குவாயும்: ஒரு வரலாற்றுப் பார்வை



முதலாம் ஆண்டு வகுப்பு தொடங்கியதும் பெற்றோர் சிலர் இருவகைக் கவலையோடு வருவதுண்டு. "பிள்ளை பீச்சாங்கையில் எழுதுகிறான், மாற்றிவிடுங்கள் டீச்சர்" என்பர் சிலர். "கையை மாற்றினால் வாய் திக்குமாமே?" என்று அஞ்சுவர் வேறு சிலர். இந்த இரண்டாவது அச்சம் எங்கிருந்து வந்தது என்பதை அறிவது நமக்குப் பயன்தரும்.

1861ஆம் ஆண்டு பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, 'டான்' என்ற ஒலியைத் தவிர வேறெதுவும் பேச இயலாதிருந்த ஒருவர் இறந்தபின் அவரது மூளையை ஆராய்ந்தார். அதன் இடப்பக்க முன்பகுதி சிதைந்திருந்தது. பேச்சாற்றல் மூளையின் இடப்பாதியில் அமைந்துள்ளது என 1865இல் அவர் எழுதினார். வலக்கையை இயக்குவதும் அதே பாதிதான். எனவே கைக்கும் பேச்சுக்கும் தொடர்புண்டு என்ற எண்ணம் வேரூன்றியது.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஆர்ட்டனும் லீ டிராவிசும் 1920களில் இதனை மேலும் வளர்த்தனர். மூளையின் ஒரு பாதி தலைமை ஏற்காவிடில் பேச்சு தடுமாறும். இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்றுவது அத்தலைமையைக் குலைக்கும் என்றனர். அங்குப் பயின்ற வெண்டல் ஜான்சன் என்பவருக்குத் திக்குவாய் இருந்தது. அவரது வலக்கைக்கு மாவுக்கட்டுப் போட்டு இடக்கையைப் பழக்கினர். திக்கல் தீரவில்லை.

மலாயாவின் பழைய நாணயங்களில் தலை பொறிக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் மன்னரையும் இங்குக் குறிப்பிடுவர். சிறு வயதில் அவரை வலக்கையால் எழுத வைத்தனர். அவருக்குத் திக்குவாயும் இருந்தது. ஆனால் அவரது இளமை வேறு பல கண்டிப்புகளும் நிறைந்தது. 1926 முதல் லயனல் லோக் அளித்த மூச்சுப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியுமே அவருக்குக் கைகொடுத்தன. இரண்டு ஒருசேர நிகழ்வதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது.

1991இல் வேறோர் அச்சம் கிளம்பியது. இடக்கையர் சராசரியாக ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர் என்றனர் கோரன், ஹால்பர்ன் என்னும் உளவியலாளர்கள். ஆனால் முந்தைய தலைமுறையின் இடக்கையர் பலர் சிறு வயதிலேயே கட்டாயமாக மாற்றப்பட்டு, வலக்கையராகக் கணக்கில் சேர்ந்திருந்தனர். இடக்கையராக எஞ்சியோருள் இளையோரே மிகுதி. ஆகவே அவர்களுள் இறந்தோரின் சராசரி வயதும் குறைந்தது. அக்கணக்கைப் பிழையாக்கியது நோயன்று, வகுப்பறைப் பிரம்பு!

இன்று நாம் அறிவது என்ன? மக்களுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் இடக்கையர். அவர்களுள்ளும் சுமார் 70 விழுக்காட்டினருக்குப் பேச்சு இடப்பாதியிலேயே அமைந்துள்ளது. திக்குவாய் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள், பிள்ளை பென்சில் பிடித்து எழுதப் பழகும் முன்பே, தலைகாட்டுகிறது. அதனோடு தொடர்புடைய மரபணு மாற்றங்கள் 2010 முதல் கண்டறியப்பட்டு வருகின்றன.

ஆதலால் இடக்கை நோயுமன்று, நோய்க்கு அறிகுறியுமன்று. திக்குவாய்க்கு அஞ்சித்தான் கையை மாற்றாமல் விடவேண்டும் என்பதில்லை. மாற்றவேண்டிய தேவையே இல்லை என்பதே போதிய காரணம். அப்பிள்ளையை மேசையின் இடப்புற ஓரத்தில் அமர்த்துங்கள். புத்தகத்தைச் சற்று வலப்புறம் சாய்த்து வைத்து எழுதப் பழக்குங்கள். திக்கிப் பேசும் பிள்ளையாயின் கையைப் பார்க்காமல், பேச்சுப் பயிற்சி வல்லுநரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை, அப்பிள்ளை சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையோடு கேளுங்கள்.