எவ்வளவு இடம் காணும்?

ஹம்ஸ்டர் வளர்க்க ஆசைப்படுகிற எங்கட நண்பர்கள் முதலில் விசாரிப்பது விலையை. கூட்டின் அளவை ஆரும் பெரிசாகக் கேட்பதில்லை. ஆனால் அந்தச் சின்னப் பிராணியின்ர வரலாறே கூட்டின் வரலாறுதான்.

1930 ஏப்ரலில் சிரியாவின் அலெப்போவுக்குப் பக்கத்தில் ஒரு வயலைக் கிண்டி, இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் ஒரு தாயையும் குட்டிகளையும் பிடித்தார். காலா-அசார் நோயை ஆராய்ந்த சோல் அட்லருக்கு ஆய்வுப் பிராணி தேவைப்பட்டதுதான் காரணம். பிடிபட்ட தாய் தன்ர குட்டி ஒன்றையே கொன்றது. யெருசலேமில் மரத்தட்டுக் கூட்டுக்குள் விட்ட குட்டிகளில் அஞ்சு, தட்டைக் கடித்து ஓடிவிட்டன. மிஞ்சின சிலவற்றின் வாரிசுகள்தான் இண்டைக்கு வீடுகளில் இருக்கிற தங்கநிற ஹம்ஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை. காட்டில் அவை சராசரி 65 சென்ரிமீற்றர் ஆழத்தில் வளை தோண்டும்.

2007இல் சுவிற்சர்லாந்தின் பேர்ண் ஆய்வாளர்கள் நாலு அளவுக் கூடுகளில் ஹம்ஸ்டர்களை வைத்துப் பார்த்தார்கள். ஆகச் சிறியது 1,800 சதுர சென்ரிமீற்றர், அதாவது 60க்கு 30. ஆகப் பெரியது 10,000. சின்னக் கூட்டில் இருந்தவை கம்பியைக் கூடுதல் தடவை, கூடுதல் நேரம் கடித்தன. எங்கட ஆக்கள் அதைப் பார்த்து, 'பல்லுத் தீட்டுது' எண்டு சிரிப்பினம். இன்னொன்றும் கவனித்தார்கள்: சின்னக் கூட்டில் இருந்தவை தங்கள் மரக்குடிலின் கூரையிலேயே அடிக்கடி ஏறி நின்றன. தரையில் இடம் காணாவிட்டால் கூரையும் தரைதான்.

'எவ்வளவு இடம் காணும்' என்ற கேள்வி வன்னியில் மனிசருக்கும் அளக்கப்பட்டிருக்கு. அனர்த்த முகாம்களுக்கான ஸ்பியர் தராதரம் ஒருவருக்குக் கூரைக்குக் கீழே 3.5 சதுர மீற்றர் என்கிறது. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில், முள்ளுக்கம்பிக்குள், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சனம். ஒரு குடும்பத்துக்கெண்டு அளந்த கூடாரத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள். வெளியே போய்வர டிசெம்பர் வரை விடவில்லை. கடைசிக் குடும்பங்கள் வெளியேறி அது மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்.

சனத்தையும் ஹம்ஸ்டரையும் ஒப்பிடுறீங்களோ எண்டு கோவம் வரும். வரத்தான் வேணும். நாங்கள் ஒப்பிடுவது அளக்கிற கையை. குறைந்தபட்சம் எண்டு எழுதின இலக்கம், கொஞ்ச நாளிலேயே 'இது காணும்' எண்டு மாறிவிடுகிறது. உள்ளே இருப்பவரை ஒருத்தரும் கேட்பதில்லை. 3.5 எண்ட இலக்கம் படுக்கத் தேவையானதைச் சொல்லும். வாசல் திறந்திருக்கோ எண்டு சொல்லாது.

சரி, கூட்டுக்கு வருவம். ஜேர்மன் விலங்குநல மருத்துவர் சங்கம் 100க்கு 50 சென்ரிமீற்றர் தரையாவது வேணும் என்கிறது. எங்களுக்கு அதுவே கஞ்சத்தனமாகத்தான் படுகிறது. உயரத்தை விட ஆழம் முக்கியம்: மரத்தூள், வைக்கோலை ஆழமாகப் போட்டால் தோண்டும். 10 சென்ரிமீற்றர் மட்டும் போட்ட கூட்டில் இருந்தவை ஆழமான கூட்டில் இருந்தவற்றைவிடக் கூடுதலாகக் கம்பி கடித்தன எண்டு அதே பேர்ண் குழுவின் 2006 ஆய்வு காட்டியது. தகரக் கூரை வீட்டில், வன்னி வெயிலில் கண்ணாடித் தொட்டி அடுப்பாகிவிடும். காற்றோட்டமான மேல்மூடியும் நிழலான மூலையும் வேணும். தச்சரிட்ட மரத்தில் செய்விக்கிறவை யெருசலேம் தட்டை நினைச்சு உள்ளுக்குத் தகடு அடிப்பியுங்கோ. கூட்டுக்கு ஒண்டுதான் விடுங்கோ. எவ்வளவு பெரிய கூடெண்டாலும், தங்கநிற ஹம்ஸ்டர் ரெண்டு விட்டால் ஒண்டையொண்டு கடிச்சுக் குதறும்.