கண்டிப் போர்களில் இலகு காலாட்படை

போர் வரலாறு கற்கும் மாணவர் பெரும்பாலும் கவசம் பூண்ட வீரரையும் கோட்டைகளையும் பீரங்கிகளையுமே நினைவிற் கொள்கின்றனர். கவசமின்றி, வில்லோ ஈட்டியோ துவக்கோ தாங்கி, பகைவன் துரத்தும்போது விலகியும் அவன் திரும்பும்போது தொடர்ந்தும் பொருத எளிய காலாளை அவர் மறந்துவிடுகின்றனர். ஆயினும் பேரரசுகளின் படைகள் பல அவன் கையிலேயே அழிந்தன. அவ்வுண்மையை நம் நாட்டு வரலாறு கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கிரேக்க நாட்டை நோக்குவோம். அங்கே கனத்த கேடயமும் நீண்ட ஈட்டியும் தாங்கி அணிவகுத்து நின்றோரே வீரரெனப் போற்றப்பட்டனர். தூரநின்று எறிவோர் இழிவாக எண்ணப்பட்டனர். கி. மு. 390இல் கொரிந்து நகரின் துறைமுகமாகிய இலெக்கேயத்தின் அருகே, ஸ்பார்ட்டாவின் கனத்த காலாட்கள் ஏறக்குறைய 600 பேர் அணிவகுத்துச் சென்றனர். ஏதென்ஸ் தளபதி இபிக்கிராத்தீஸ் சிறு கேடயமும் எறியீட்டியும் உடைய இலகு காலாட்களை அவர்மீது ஏவினான். ஸ்பார்ட்டர் துரத்தினர், எறிவோர் ஓடினர். களைத்துத் திரும்பியவர்மீது ஈட்டிகள் மீண்டும் பாய்ந்தன. ஏறக்குறைய 250 பேர் மடிந்தனர். வீரத்திற் குறைந்தமையால் அவர் தோற்கவில்லை. தம்மைக் காக்கத் தமக்கென ஓர் இலகு படை அருகில் இல்லாமையே அவர்தம் அழிவுக்குக் காரணமாயிற்று.

இலங்கையிற் போர்த்துக்கேயர் இக்குறையை அறியாதவரல்லர். கண்டி மலைநாட்டின் காடுகளிலும் கணவாய்களிலும் தம் வீரர் தனித்துச் செல்லலாகாதென்பதை உணர்ந்து, லஸ்கரீன்கள் எனப்பட்ட சுதேசப் படையினரை அவர் உடன்கொண்டு சென்றனர். நிலத்தை அனுபவித்து அதற்கு ஈடாகப் போர்ச்சேவை செய்த குடியானவரே இவர். தொகையிற் போர்த்துக்கேயரினும் பன்மடங்கு மிகுந்த இவர்களே படையின் கண்ணும் செவியுமாய் விளங்கினர்.

ஆயின் நிகழ்ந்தது யாது? 1594இல் பேரோ லோப்பஸ் த சூசா கண்டியைக் கைப்பற்றினான். தன் பக்கம் நின்ற சிங்களத் தலைவன் ஜயவீர பண்டாரனை ஐயுற்றுப் போர்த்துக்கேயர் கொன்றதும், அவனுடைய வீரர் கலைந்தனர். எஞ்சிய படை தந்துரையில் அழிந்தது. 1630இல் கொன்ஸ்தந்தீனு த சா பதுளையை எரித்துத் திரும்புகையில், வெல்லவாயவை அடுத்த ரந்தெனிவெலவில் லஸ்கரீன்கள் கண்டிப் பக்கம் சேர்ந்தனர். மழையில் வெடிமருந்து நனைந்த நிலையில் தளபதியும் படையும் மாண்டனர். 1638இல் தியோகு த மேலு வெறுமையாய்க் கிடந்த கண்டி நகரை எரித்து மீண்டான். அவனைக் கன்னொறுவையில் இரண்டாம் இராசசிங்கன் வளைத்தபோதும் லஸ்கரீன்கள் விலகினர். உயிர்தப்பியோர் மிகச் சிலரே.

மூன்று போர்களிலும் ஒரே முறையைக் காண்கின்றோம். கண்டியர் நகரை விட்டகன்று பகைவனை உள்ளே வரவிடுவர். பின்னர் வழிகளை அடைத்து, உயர்ந்த இடங்களிலிருந்து எய்தும் சுட்டும் அவனைக் களைப்புறச் செய்வர். 1804இல் மட்டக்களப்பிலிருந்து கண்டி சென்று, பெரும் இடர்களினூடே திருகோணமலைக்கு மீண்ட ஆங்கிலேயத் தளபதி ஜோன்ஸ்ற்றன், கண்டி வீரன் சில நாட்களுக்கான உணவையும் சிறு சமையற் பாத்திரத்தையும் தானே சுமந்து செல்வதையும், தாளிப்பனை ஓலையே அவனுக்குக் கூடாரமாவதையும் எழுதிவைத்துள்ளான். சுமை குறைந்தவனுக்கே காடு துணை நின்றது.

லஸ்கரீன்களின் செயலைப் போர்த்துக்கேய நூலாசிரியர் பலர் துரோகமென்றனர். தம் ஊரை எரிப்பவனுக்காக அவ்வூர்க் குடியானவன் எவ்வளவு காலம் பொருவான்? கூலியாலும் அச்சத்தாலும் சேர்த்த படை, இடர் வந்தபோது நில்லாமையில் வியப்பில்லை.

எனினும் இலகு படையின் ஆற்றலுக்கும் எல்லையுண்டு. கரையோரக் கோட்டைகளைக் கண்டியர் தனித்துக் கைப்பற்ற இயலவில்லை. அதனாலேயே இராசசிங்கன் 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். 1656இற் கொழும்பு வீழ்ந்தபோது அஃது ஒல்லாந்தர் கையிலேயே தங்கிற்று. மேலும், 1815இல் தலைவர்கள் அரசனைக் கைவிட்டபோது, முன்னர்ப் படைகள் பலவற்றை விழுங்கிய அதே மலைகள் ஆங்கிலேயருக்குப் பெரும்போரின்றி வழிவிட்டன. மலை மாறவில்லை, மக்கள் மனமே மாறிற்று.

கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டியிற் செல்லும் நம் மாணவர் பலனை நிலையத்தைக் கடக்கின்றனர். பேராதனையிற் பயில்வோருக்குக் கன்னொறுவை அண்மையிலேயே உள்ளது. அவ்விடங்களைக் காணும்போது மன்னரையும் தளபதிகளையும் மட்டுமன்றி, பெயர் எழுதப்படாத அக்காலாளையும் எண்ணுவார்களாக. எப்பக்கம் நிற்பதென்று அவன் எடுத்த முடிவே இந்நாட்டின் வரலாற்றைப் பலமுறை திருப்பிற்று.