உயில்: சிவகங்கை முதல் சிவகாசி வரை

'உயில்' என்னும் சொல் செவிக்குத் தமிழ்ச் சொல்லாகவே படுகிறது. உயிரோடு உறவுடையதோ என்றும் எண்ணத் தோன்றும். கவிஞர்களுக்கு இது ஏமாற்றமாகலாம்: ஆங்கில 'வில்' நம் நாவில் பெற்ற வடிவமே அது. குடும்பச் சொத்து ஆண்வழியே தானாக இறங்கும் என்பது நம் பழைய நெறி. ஒருவன் தானே ஈட்டியது யாருக்கு என்னும் வினாவே பெருவழக்குகளை எழுப்பியது.

அவற்றுள் தலையாயது சிவகங்கை வழக்கு. 1985 வரை விருதுநகரும் சிவகங்கையும் இராமநாதபுரம் என்னும் ஒரே மாவட்டத்தினவாதலின் அது அயலார் கதையன்று. 1801இல் மருதிருவர் தூக்கிலிடப்பட்ட ஆண்டிலேயே கும்பினியார் சிவகங்கைச் சமீனைக் கௌரி வல்லபத் தேவருக்கு அளித்தனர். அவர் 1829இல் ஆண்மகவின்றி மறைந்தார். மனைவியரும் மகளிரும் இருக்க, தமையன் மக்கள் சமீனைக் கைக்கொண்டனர். பாகம் பிரியாக் குடும்பத்தில் கைம்பெண்ணுக்கு இடமில்லை என்பது அவர்கள் வாதம். கைம்பெண் அங்கமுத்து நாச்சியார் தொடர்ந்த போராட்டத்தை, அவருக்குப் பின் தேவரின் மகள் காத்தம நாச்சியார் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டு சென்றார். 1863இல் தீர்ப்பு வந்தது: குடும்பம் பிரியாதிருப்பினும், ஒருவர் தாமே பெற்ற தனிச்சொத்து அவர்தம் மனைவிக்கும் அவருக்குப் பின் மகளுக்கும் உரியது. முப்பத்துநான்கு ஆண்டுகள்! கணவர் மறைந்தபோது உரிமை கோரிய மனைவி அத்தீர்ப்பைக் கேட்க உயிரோடில்லை.

மழை பொய்த்த கந்தக பூமியில் விளைந்தது இத்தகைய தனிச்சொத்தே. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டு, 1923இல் சிவகாசியில் அதனைத் தொடங்கினர். பட்டாசும் அச்சும் அதன் வழியே வளர்ந்தன. அந்நாளில் இப்பகுதி இந்து ஒருவர் மரணப் படுக்கையில் வாயால் உரைத்த சொல்லும் உயிலாகச் செல்லும். 1870ஆம் ஆண்டுச் சட்டத்தின் எழுத்து விதி சென்னை நகரைத் தாண்டி இங்கு எட்டவில்லை. 1927 சனவரி முதல் நாள் முதற்கொண்டே எழுத்தும், கையொப்பமும், இரு சாட்சிகளும் இங்கும் கட்டாயமாயின. பதிவு செய்தல் இன்றும் கட்டாயமன்று.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், உயிலின்றி இறப்பவரின் தனிச்சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் நால்வர்க்கும் ஒத்த பங்களித்தது. பாகம் பிரியாச் சொத்தில் தம் பங்கையும் உயிலால் வழங்கலாம் என்றது. மகளுக்குப் பிறப்புரிமை தமிழகத்தில் 1989இல், மணமாகாதவர்க்கு மட்டும், வந்தது. நாடெங்கும் அனைவர்க்கும் 2005இல் வந்தது. ஆயினும் தனிச்சொத்தில் சட்டம் தரும் பங்கை உயில் மாற்றிவிடும். மனைவியைக் காக்கும் எழுதுகோலே மகளை விலக்கவும் கூடும் என்பதை மறத்தலாகாது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. பழைய உயில்களில் 'என் மனைவி ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொண்டு, பின்னிட்டு என் ஆண் மக்கள் அடைய வேண்டியது' என்னும் பாங்கிலான வாசகம் பெருவழக்கு. அன்பினால் எழுதப்பட்டதே. ஆனால் விற்கவோ, ஈடு வைக்கவோ, மகளுக்கு ஒரு காணி கொடுக்கவோ அவளுக்கு அதிகாரமில்லை. கைம்பெண்ணின் குறையுரிமையை முழுவுரிமையாக்கிய 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவே, உயிலில் எழுதப்பட்ட வரம்பு செல்லும் என்றும் கூறியது. 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், சீவனாம்ச உரிமைக்கு ஈடாகத் தரப்பட்டதாயின் வரம்பு நீங்கி முழுவுரிமையாகும் என்றது. ஈடாகத் தந்ததா, கொடையாகத் தந்ததா? எழுதியவர் மறைந்தபின் இதனை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டிய சுமை அந்த மனைவியின் தலைமேலேயே விழுகிறது.