பாஸ்பரஸ் நீரிணையின் பயணிகள் படகுகள்

இஸ்தான்பூல் நகரைப் பாஸ்பரஸ் நீரிணை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு கரை ஐரோப்பா, மறுகரை ஆசியா. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள இந்நீரிணை, மிகக் குறுகிய இடத்திலேயே சுமார் 700 மீட்டர் அகலம் கொண்டது. 1973 வரை இதன் மீது பாலம் இல்லை. வேலைக்கும் சந்தைக்கும் உறவினர் இல்லத்திற்கும் செல்வோர் தண்ணீரைக் கடந்தே ஆகவேண்டும்.

பல நூற்றாண்டுகளாகத் துடுப்புப் படகுகளே அப்பணியைச் செய்துவந்தன. கரையோரச் சிற்றூர்களின் சந்தைப் படகுகளுள் சில, வக்ஃபு உடைமைகளாகவும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் வந்தபோது, முதலில் அங்குப் பயணிகளை ஏற்றிச் சென்றவை அந்நியருடைய கப்பல்களே. தலைநகரத்து மக்களின் அன்றாடப் போக்குவரத்து பிறர் கைக்குப் போவதை உதுமானிய அரசினர் விரும்பவில்லை.

ஃபுஆத் பாஷாவும் அஹ்மது ஜெவ்தத் பாஷாவும் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற பூர்சா நகரில் தங்கியிருந்தபோது இதற்கொரு திட்டம் வரைந்தனர். ஹனஃபி சட்டங்களை ‘மஜல்லா’ என்னும் தொகுப்பாக்கிய குழுவுக்குப் பிற்காலத்தில் தலைமை தாங்கிய அறிஞரே இந்த ஜெவ்தத் பாஷா. சுல்தான் அப்துல் மஜீதின் இசைவுடன் 1851இல் நிறுவனம் உருவாயிற்று. பேரரசின் முதல் பங்கு நிறுவனம் இதுவே. சுல்தானும் அவருடைய அன்னை பெஸ்மிஆலமும் பங்குகள் வாங்கினர். அதற்கு இடப்பட்ட பெயர் ‘ஷிர்கத்தே ஹைரிய்யா’. ‘ஷிர்கத்’ என்பது ஃபிக்ஹு நூல்கள் கூட்டு வணிகத்திற்கு வழங்கும் சொல். ‘ஹைர்’ என்பதன் பொருள் நாம் அறிந்ததே.

இங்கிலாந்தில் கட்டப்பட்ட கப்பல்கள் 1854இல் ஓடத் தொடங்கின. பெண்களுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. பங்குதாரர்கள் பெரும்பாலும் செல்வந்தரும் உயர் அதிகாரிகளுமே. ஆயினும் பயன் அவர்களோடு நின்றுவிடவில்லை. வசதியுள்ளோரின் கோடைக்கால வாசத்தலங்களாக இருந்த கரையோர ஊர்கள், ஆண்டு முழுதும் மக்கள் குடியிருந்து நகருக்கு வேலைக்குச் சென்று திரும்பும் ஊர்களாக வளர்ந்தன.

ஆனால் குதிரை வண்டிகளையும் சரக்கு வண்டிகளையும் அக்கரை சேர்ப்பது அரிதாகவே இருந்தது. நிறுவனத்தின் மேலாளர் ஹுசைன் ஹாகி இதற்கும் வழி கண்டார். இருமுனைகளும் திறந்த, தட்டையான தளமுடைய கப்பல் ஒன்றை அவர் வடிவமைக்கச் செய்தார். வண்டி ஒரு முனையில் ஏறி, திரும்ப வேண்டிய தேவையின்றி மறுமுனையில் இறங்கிவிடும். 1872இல் உஸ்குதாருக்கும் கபாத்தாஷுக்கும் இடையே ஓடத் தொடங்கிய அக்கப்பலுக்கு ‘சுஹூலத்’, அதாவது ‘இலகு’, என்று பெயரிட்டனர். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது உழைத்தது.

முதல் உலகப் போரில் இந்நிறுவனத்தின் கப்பல்கள் படைவீரரையும் காயமுற்றோரையும் சுமந்தன, சில மூழ்கின. 1945இல் நிறுவனம் அரசுடைமையாயிற்று. 1973இல் முதற்பாலமும், 2013இல் கடலடி ரயில் பாதையும் திறக்கப்பட்டன. ஆயினும் உஸ்குதார், காதிகொய், எமினொனு துறைகளிலிருந்து இன்றும் படகுகள் நாள்தோறும் புறப்படுகின்றன.

பொதுப்பணி என்றால் பள்ளிவாசலும் மதரஸாவும் மருத்துவமனையும்தாம் நம் நினைவில் முதலில் எழும். அன்றாடம் பிழைப்புக்காகக் கரை கடப்போரின் சிரமத்தைக் குறைப்பதையும் ‘ஹைர்’ என்றே அம்மக்கள் பெயரிட்டு அழைத்தனர். நம் ஊர்களின் பேருந்து நிறுத்தத்தையும் படித்துறையையும் அக்கண்கொண்டு பார்ப்பது நமக்கும் தகும்.