உலாவித் தனிமைப்படுத்தல்: ஒரு காப்புரிமைக்கு முன்பிருந்த கண்டுபிடிப்புகள்

இணைய உலாவியைக் கணினியின் மற்றப் பகுதிகளிலிருந்து பிரித்து, வேலியிட்ட ஓரிடத்தில் இயக்கும் முறை உலாவித் தனிமைப்படுத்தல் எனப்படுகிறது. தீங்கான வலைப்பக்கம் ஒன்று உலாவியைக் கைப்பற்றினாலும், பயனரின் கோப்புகளையோ இயங்குதளத்தையோ அது தொட முடியாமல் தடுப்பதே இதன் நோக்கம். இன்று பரவலாகப் பயன்படும் குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி ஆகிய மூன்றும் ஏதோ ஒரு வகையில் இம்முறையைப் பின்பற்றுகின்றன. இது யாருடைய கண்டுபிடிப்பு என்ற கேள்வி, 2013 முதல் 2023 வரை அமெரிக்க நீதிமன்றங்களில் நடந்த சியோஃபி எதிர் கூகுள் வழக்கின் அடியில் இருந்தது.

காப்புரிமையும் அதன் நாளும்

தீநிரல்களிடமிருந்து கணினியைக் காக்கும் முறை ஒன்றுக்காக இரு கண்டுபிடிப்பாளர்கள் 2004 ஆகஸ்ட் மாதம் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தனர். 2009 சனவரியில் 7,484,247 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. அதன் கருத்து எளிமையானது. கணினியில் இரண்டு செயலிகளும் இரண்டு நினைவகப் பகுதிகளும் இருக்கும். ஒன்று பயனரின் நம்பகமான பகுதி. மற்றொன்று இணையத்தைத் தொடும் பகுதி. இரண்டாம் பகுதியில் என்ன நோய் புகுந்தாலும் அது முதற்பகுதிக்குள் எழுத முடியாது.

விண்ணப்பம் எழுந்த காலத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2004 சூனில், டவுன்லோட்.ஜெக்ட் என்ற தாக்குதல் நடந்தது. மைக்ரோசாப்டின் வலைச் சேவையக மென்பொருளில் இயங்கிய நல்ல தளங்களே கைப்பற்றப்பட்டன. அவற்றை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் திறந்தவர்களின் கணினிகளில் தீநிரல் இறங்கியது. வேறு உலாவியைப் பயன்படுத்துவதும் ஒரு வழி என்று அமெரிக்க அரசின் கணினி அவசரக் குழு அறிவுரை கூறியது. சந்தேகமான தளங்களுக்குப் போகாதீர்கள் என்ற பழைய எச்சரிக்கை அன்றோடு பயனற்றுப் போயிற்று. ஆகவே அக்காலத்தில் பலரும் ஒரே திசையில் சிந்தித்ததில் வியப்பில்லை. இன்டர்நெட் எக்ஸ்புளோரரை ஒரு கூண்டுக்குள் இயக்கும் சாண்ட்பாக்ஸி என்ற மென்பொருளும் அதே 2004-இல்தான் வெளிவந்தது.

ஆனால் காப்புரிமைச் சட்டம் நாள் கணக்கு பார்க்கும். அன்று நடப்பிலிருந்த அமெரிக்கச் சட்டப்படி, விண்ணப்பத்துக்கு ஓராண்டுக்கும் மேல் முன்பே அச்சில் வெளியானதோ பொதுப் பயன்பாட்டில் இருந்ததோ ஐயமின்றி முந்தைய அறிவாகக் கொள்ளப்படும். அப்படிப்பட்ட ஒரே ஆவணத்தில் கோரிக்கையின் எல்லாக் கூறுகளும் இருந்தால் புதுமை இல்லை. பல ஆவணங்களில் சிதறிக் கிடப்பவற்றை அத்துறையில் சாதாரணத் திறமை உள்ளவர் எளிதில் சேர்த்திருக்க முடியும் என்றாலும் காப்புரிமை நிற்காது. இந்த இரண்டாம் சோதனையில்தான் சண்டைகள் பெரும்பாலும் நடக்கும். ஆக 2003 ஆகஸ்டுக்கு முன் உலகில் என்ன இருந்தது என்பதே வினா.

வலைக்கு முந்தைய வேலிகள்

இருந்தவை ஏராளம். ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் 1964-இல் தொடங்கிய சிபி-40 திட்டம், ஒரே பெருங்கணினியில் பல மெய்நிகர் எந்திரங்களை உருவாக்கியது. ஒவ்வொரு பயனரும் முழுக் கணினியும் தமக்கே உரியது என்று எண்ணும்படி அது நடந்துகொண்டது. ஓர் எந்திரத்துக்குள் நிகழும் கேடு அடுத்த எந்திரத்துக்குப் பரவாது. இது 1972-இல் விஎம்/370 என்ற பெயரில் விற்பனைப் பொருளாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் எம்ஐடி, பெல் ஆய்வகம், ஜெனரல் எலெக்ட்ரிக் ஆகியவை சேர்ந்து உருவாக்கிய மல்டிக்ஸ் இயங்குதளம், நிரல்களை அவற்றின் அதிகாரத்துக்கேற்ப வளையம் வளையமாக அடுக்கியது.

நம்ப முடியாத நிரலை எப்படி அடைத்து வைப்பது என்பதைத் தனிச் சிக்கலாக முதலில் தெளிவாக எழுதியவர்களுள் பட்லர் லாம்ப்சன் முக்கியமானவர். 1973-இல் வெளியான அவருடைய சிறு குறிப்பு சில பக்கங்களே கொண்டது. கோப்பு வழியை அடைத்தாலும், கணினியின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கூடச் செய்தியைக் கசியவிடலாம் என்று அது எச்சரித்தது. 1979-இல் யூனிக்சின் ஏழாம் பதிப்பில் சி-ரூட் என்ற கட்டளை வந்தது. அது ஒரு நிரலுக்கு, கோப்பு மரத்தின் ஒரு கிளையையே முழு மரமாகக் காட்டும். மணற்பெட்டி என்ற சொல் 1993-இல், கலிபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லியைச் சேர்ந்த நால்வர் எழுதிய ஆய்வுக் கட்டுரை வழியாக இப்பொருளில் பரவலாயிற்று.

இவை எல்லாம் உலாவியைப் பற்றியவை அல்ல. காப்புரிமைதாரரின் வழக்கறிஞர் இதைத்தான் முதலில் சொல்வார். ஆகவே அடுத்து வருபவற்றுக்கே எடை கூடுதல்.

உலாவியைக் குறிவைத்தவை

1993-இல் மொசைக் உலாவி வந்தபோது அதனால் எல்லாக் கோப்புகளையும் காட்ட முடியவில்லை. போஸ்ட்ஸ்கிரிப்ட் ஆவணம் வந்தால் கோஸ்ட்ஸ்கிரிப்டை அழைக்கும். படக்காட்சி வந்தால் வேறொரு நிரலை அழைக்கும். இந்தத் துணை நிரல்கள் பயனரின் முழு அதிகாரத்தோடும் ஓடின. போஸ்ட்ஸ்கிரிப்ட் ஒரு நிரல்மொழியும் ஆகும் என்பதால், ஆவணம் போல வந்த ஒன்று கோப்புகளை அழித்துவிடவும் கூடும்.

இதற்கு விடையாக 1996-இல் பெர்க்லியில் ஜேனஸ் பிறந்தது. கோல்ட்பர்க், வாக்னர், தாமஸ், புரூவர் ஆகியோர் சோலாரிஸ் இயங்குதளத்தில் இதை அமைத்தனர். துணை நிரல் இயங்குதளத்திடம் கேட்கும் ஒவ்வொரு வேண்டுகோளையும் வெளியே நிற்கும் காவல் நிரல் ஒன்று பார்த்து, கொள்கைக் கோப்பில் அனுமதி இருந்தால் விடும், இல்லையேல் மறுக்கும். இயங்குதளத்தின் கருநிரலை மாற்ற வேண்டியதில்லை. துணை நிரலையும் மாற்ற வேண்டியதில்லை. வலையிலிருந்து வரும் தரவைத் தொடும் நிரலைத் தனிச் செயல்முறையாக்கி, அதன் கைகளைக் கட்டிவிடும் எண்ணம் இங்கே முழுமையாக உள்ளது. முந்தைய கண்டுபிடிப்புகளுள் மிக வலியது இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இருப்பினும் ஜேனஸ் கட்டிப்போட்டது உலாவியின் உதவியாளர்களை. உலாவி வெளியே சுதந்திரமாகவே நின்றது.

1995-இல் அறிமுகமான ஜாவா குறுநிரல்கள் தமக்கெனச் சொந்த மணற்பெட்டியோடு வந்தன. ஆனால் அப்பெட்டி உலாவியின் செயல்முறைக்குள்ளேயே இருந்தது. சுவரில் ஓர் ஓட்டை விழுந்தால் வீடு முழுதும் போயிற்று. 1996-இலேயே பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்தகைய ஓட்டைகளைக் காட்டினர். மைக்ரோசாப்டின் ஆக்டிவ்எக்ஸ் இன்னும் எளிய வழியில் சென்றது: கையொப்பம் இருந்தால் நம்பு, வேலியே வேண்டாம் என்றது. அதன் விலையை அடுத்த பத்தாண்டுகள் பயனர்கள் கொடுத்தனர்.

2001-இல் சோடிரிஸ் அயோனிடிசும் ஸ்டீவன் பெல்லோவினும், பாதுகாப்பான வலை உலாவி ஒன்றைக் கட்டுவது பற்றியே நேரடியாக ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்களுடைய சப்ஓஎஸ் முறையில், வலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு துணைப் பயனர் அடையாளம் ஒட்டப்படும். அதைத் திறக்கும் செயல்முறை அந்த அடையாளத்தின் சிறு அதிகாரத்தோடு மட்டுமே ஓடும். உலாவி, தனிச் செயல்முறை, குறைந்த அதிகாரம் என்ற மூன்றும் இங்கே ஒரே ஆவணத்தில் சேர்ந்துவிட்டன.

உலாவிக்கு வெளியிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. விட்சே வெனிமாவின் போஸ்ட்பிக்ஸ், 1998-இல் மின்னஞ்சல் சேவையகத்தைப் பல சிறு செயல்முறைகளாக உடைத்தது. 2002-இல் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளில் நீல்ஸ் புரோவோசின் அதிகாரப் பிரிப்பு முறை சேர்ந்தது. அதில் வலையோடு பேசும் பகுதிக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள பகுதி வலையோடு பேசுவதில்லை. குரோமின் அமைப்பைப் படித்தவர்களுக்கு இந்த வாக்கியம் மிகப் பழக்கமாக இருக்கும்.

குரோமும் மறுவெளியீடும்

2008 செப்டம்பரில் வெளிவந்த குரோம், வலைப்பக்கத்தை வரையும் இயந்திரத்தைத் தனிச் செயல்முறையில், மணற்பெட்டிக்குள் வைத்தது. கோப்புகளையும் வலையமைப்பையும் தொடும் வேலையை உலாவியின் மையச் செயல்முறை வைத்துக்கொண்டது. அதாவது ஓர் உலாவியே இரண்டாகப் பிளந்தது.

2004-ஆம் ஆண்டு விண்ணப்பத்தின் கோரிக்கைகள் இப்படிப் பேசவில்லை. காப்புரிமை பெற்றவர்கள் பின்னர் மறுவெளியீட்டுக் காப்புரிமைகளுக்கு விண்ணப்பித்து, 2012-இல் பெற்றனர். இவற்றில் முதல் உலாவிச் செயல்முறை, இரண்டாம் உலாவிச் செயல்முறை என்ற சொற்கள் இடம்பெற்றன. 2013-இல் வழக்கு தொடரப்பட்டது. 2017 பிப்ரவரியில் டெக்சஸ் கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தின் ஜூரி, காப்புரிமை மீறப்பட்டது என்றும், அது செல்லாது என்ற கூகுளின் வாதம் ஏற்கத்தக்கதல்ல என்றும் கூறி 2 கோடி டாலர் இழப்பீடு விதித்தது.

2023 ஏப்ரலில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தலைகீழாக்கியது. மறுவெளியீடு என்பது மூல ஆவணத்தில் சொல்லப்பட்ட அதே கண்டுபிடிப்புக்கே தரப்பட வேண்டும். இரண்டு உலாவிச் செயல்முறைகள் கொண்ட அமைப்பு 2004-ஆம் ஆண்டு ஆவணத்தில் தெளிவாகக் கூறப்படவில்லை என்பதே அதன் முடிவு. ஆகவே அந்தக் கோரிக்கைகள் செல்லாதவை ஆயின, இழப்பீடும் நீங்கியது. அந்தத் தீர்ப்பு ஜேனஸின் மேலோ சப்ஓஎஸ்ஸின் மேலோ நிற்கவில்லை. காப்புரிமைதாரர்கள் தாங்களே 2004-இல் எழுதிய பக்கங்களின் மேல் நின்றது.