மான் மேய்ந்த இடம்

"காட்டுல மேஞ்சதுடா. மருந்தே படாத கறி."

சுபாங் ஜெயாவில் ஒரு பிறந்தநாள் விருந்து. மான் கறிப் பிரட்டலை என் தட்டில் போட்டபடி மாமா சொன்னார். அவர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவர் வாயிலிருந்து அது வந்ததுதான் எனக்கு உறுத்தியது. 1976இல் சுபாங் ஜெயா எழத் தொடங்கும்வரை நாங்கள் உட்கார்ந்திருந்த மண் சீஃபீல்டு ரப்பர் தோட்டம். நம்மாட்கள் பால் வெட்டிய இடம். தோட்டம் என்றால் மருந்தும் உண்டு.

லாலான் புல்லை அழிக்க மலாயாத் தோட்டங்களில் ஒரு காலத்தில் அடித்தது சோடியம் ஆர்சனைட். ஆர்சனிக் உப்பு அது. மருந்தடித்த புல்லில் உப்புக் கரிக்கும். உப்புக்கு ஏங்கும் மாடு அதையே தேடிப்போய் மேயும், மேய்ந்தால் சாகும். காட்டோரத்து மானுக்கும் உப்பு என்றால் ஆசைதான். தோட்டம் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று அதற்கு யார் சொல்வது?

1960களில் பாராகுவாட் வந்தது. மண்ணில் பட்டதும் களிமண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும் மருந்து. மான் கறியைவிட அது அதிகம் பதம் பார்த்தது, முதுகில் பம்பு சுமந்து மருந்தடித்தவர்களின் உடம்பைத்தான். அவர்களில் பலர் தமிழ்ப் பெண்கள். ஐரீன் பெர்னாண்டசின் தெனாகானித்தா அமைப்பு 2002இல் அவர்களுடைய உடல் பாதிப்புகளை ஆவணமாக்கியது. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2006இல் அந்த முடிவைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல்தான்.

சரி, தோட்டமே இல்லாத தூரத்துக் காட்டு மான் என்றால்? அங்கேயும் மனிதன் விட்டது போய்ச் சேர்கிறது. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது சீசியம் மழையோடு ஸ்வீடன்வரை இறங்கியது. பாசியில் படிந்தது, பாசியைத் தின்ற கலைமான்களின் தசையில் ஏறியது. கலைமான் மேய்த்து வாழும் சாமி மக்கள் கறியைக் கொட்டவேண்டி வந்தது. 2018இல் அமெரிக்காவின் மிச்சிகனில், பழைய விமானப்படைத் தளம் ஒன்றின் தீயணைப்பு நுரை கலந்த சதுப்பு நிலத்தருகே 20 மான்களைச் சோதித்தார்கள். ஒன்றின் தசையில் பிஎஃப்ஓஎஸ் என்ற ரசாயனம் 100 கோடியில் 547 பங்கு இருந்தது. எச்சரிக்கை அளவு 300. சுற்றி 5 மைலுக்கு மான் கறி சாப்பிடாதீர்கள் என்றது மாநில அரசு.

துப்பாக்கியும் சும்மா இருப்பதில்லை. ஈயத் தோட்டா உடம்புக்குள் சிதறும்; தூள் காயத்தைத் தாண்டிப் போகும், கண்ணுக்குத் தெரியாது. 2008இல் வட டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாக வந்த மான் கறிப் பொட்டலங்களை ஒரு மருத்துவர் ஸ்கேன் செய்தார். பாதிக்கு மேற்பட்டவற்றில் உலோகத் துகள்! எவ்வளவு வேகவைத்தாலும் ஈயம் போகாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தக் கறியைத் தவிர்ப்பதே நல்லது. ஈரலையும் சிறுநீரகத்தையும் எல்லாருமே தள்ளி வைக்கலாம். ஈயமும் காட்மியமும் தங்கும் இடங்கள் அவை.

தீபகற்ப மலேசியாவில் கடமான், கேளையாடு வேட்டைக்கு 2009இல் தற்காலிகத் தடை வந்து, பிறகு நீண்டது. ஆகவே 'காட்டுக் கறி' என்று கைமாறி வருவது பெரும்பாலும் எந்தச் சோதனையும் பார்க்காத கறி. எங்கே மேய்ந்தது, எதால் சுட்டார்கள், யாரிடம் வாங்கினோம்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத கறியைச் சுத்தம் என்று சொல்ல நமக்கு என்ன ஆதாரம்?

இதையெல்லாம் மாமாவிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். பாராகுவாட் என்றதும் கரண்டியை வைத்துவிட்டார்.

"பாட்டி மருந்தடிக்கத்தான் போச்சு. கை எப்பவும் வெடிச்சே கிடக்கும். ராத்திரி தேங்காயெண்ணெய் தேச்சுக்கும்" என்றார். "அப்ப ஒருத்தரும் வந்து கேக்கலைடா."